ஏழடிப் படகில் இரண்டு நாய்கள் – கடிதம்

வணக்கம்.

இங்கிலாந்தில், கோவென்ட்ரியில் குடியிருக்கிறேன். வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போகிறது. பழைய நேரோபோட் (கால்வாயில் ஓடும் ஒடுக்கமான நீளப் படகு) ஒன்றை வாங்கி அதிலேயே குடியேறிவிடலாமா என்று யோசனை. நான் தனி ஆள். கூட ஒரு லேப்ரடாரும், விப்பெட் என்ற ஒல்லியான வேட்டை நாய் ஒன்றும். ஏழடி அகலப் படகில் நாய்களை அடைப்பது பாவம் என்கிறார்கள் நண்பர்கள். நாயோடு கால்வாயில் வாழ்ந்தவர் நீங்கள். என்ன சொல்கிறீர்கள்?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர்கள் நாய் வளர்த்ததில்லை என்று நினைக்கிறேன். படகு ஏழடிக்கும் கொஞ்சம் குறைவுதான். 18-ஆம் நூற்றாண்டில் கால்வாய்களைக் கட்டிய ஜேம்ஸ் பிரிண்ட்லி காலத்து லாக்குகள், அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகள், அதற்கு மேல் இடம் விடாது. ஆனால் எவ்வளவு பெரிய வீடானாலும் நாய் உங்கள் காலடியில்தானே கிடக்கிறது? படகின் கதவைத் திறந்தால் டோபாத், அந்தக் காலத்தில் குதிரைகள் நடந்து படகை இழுத்த கரைப்பாதை. வேக வரம்பு மணிக்கு 4 மைல். லேப்ரடார் கரையோடு கூடவே நடந்து வந்துவிடும்.

எனக்குக் கவலை உங்களைப் பற்றித்தான். லாக்கைத் தனி ஆளாகக் கடப்பதே பெரிய வேலை. கீழே இறங்குவதானால், படகை உள்ளே விட்டு, கயிற்றோடு கரையில் இறங்கி, வின்ட்லஸ் என்ற கைச்சுழற்றியால் மதகைத் திறந்து, தண்ணீர் இறங்க இறங்கக் கயிற்றை விட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். மேல்கதவை ஒட்டித் தண்ணீருக்கடியில் ஒரு கல்திண்டு உண்டு. அப்படி இறங்கும்போது படகின் பின்புறம் அதில் உட்கார்ந்துவிட்டால், முன்புறம் மட்டும் தாழ்ந்து படகே முழுகிவிடும். கண் அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. அந்த நேரம் பார்த்து உங்கள் லேப்ரடார் வாத்தைத் துரத்திக் குதித்தால்? அதனால் லாக் வந்தால் நாய்கள் உள்ளே, கதவு சாத்தி. டிவைஸஸ் பக்கம் கேன் ஹில்லில் மொத்தம் 29 லாக், அதில் 16 செங்குத்தாக அடுத்தடுத்து. நாங்கள் இரண்டு பேர் இருந்தும், மேலே போய்ச் சேரும்வரை உள்ளேயிருந்து ஒரே குரைப்பு.

ஓடும் படகில் இரண்டு நாய்களுக்கும் முதுகில் கைப்பிடி வைத்த லைஃப் ஜாக்கெட் வேண்டும். கால்வாய் பெரும்பாலும் ஆழமில்லை, ஆனால் பல இடங்களில் கரை செங்குத்தான இரும்புத் தகடு. நீந்தத் தெரிந்த நாயும் ஏற முடியாமல் தவிக்கும். நாய் விழுந்தால் முதலில் கியரை நியூட்ரலில் போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். படகைப் பின்னால் எடுக்கும்போது டில்லர் (படகைத் திருப்பும் கைத்தண்டு) சட்டென்று வீசும், அதன் வீச்சுக்குள் நாயை உட்காரவிடாதீர்கள். கோடையில் இரும்புக் கூரையில் பாதம் சுடும்.

தூண்டில்காரர்களைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். நீளமான கார்பன் கோலைப் பாதைக்குக் குறுக்கே பின்னால் நீட்டிவைத்திருப்பார்கள். நாய் மிதித்து முறிந்தால் உங்கள் பர்ஸ் காலி. பக்கத்திலேயே இரைக்கு வைத்த டின் இறைச்சியும் சோளமும் இருக்கும், சிலதில் கொக்கியோடு. லேப்ரடாருக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா என்ன! தூரத்தில் பச்சைக் குடை தெரிந்தாலே வாரைப் போட்டுவிடுங்கள்.

படகை நிரந்தரமாகக் கட்டிவைக்க ஓர் இடம் எடுக்காவிட்டால், 1995 சட்டப்படி ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது. கால்நடை மருத்துவர் பின்தங்கிக்கொண்டே போவார். அதனால் தடுப்பூசிகளை, முக்கியமாக எலிக்காய்ச்சலுக்கானதை, கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். இன்னொரு வேடிக்கை: நாயின் கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். உங்களுக்கோ முகவரியே இருக்காது. கரையில் இருக்கும் நண்பர் ஒருவரின் முகவரியைக் கேட்டு வாங்குங்கள். பாவம் என்று சொன்னவரிடமே கேட்கலாம்.

வாங்குவதற்கு முன் நவம்பரில் ஒரு வாரம் படகை வாடகைக்கு எடுங்கள். ஜூலையில் எடுத்தால் எல்லோருக்கும்தான் பிடித்துப்போகும். நவம்பரில் நாலு மணிக்கே இருட்டு, டோபாத் முழுக்கச் சேறு, கரி அடுப்பின் முன்னால் ஈர நாய்கள், நடக்க இடமில்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று முதல் நாளே அழுத்திப் பாருங்கள். விப்பெட்டுக்குக் குளிர் தாங்காது, அதற்கு உள்ளேயும் ஒரு கோட்டு வேண்டியிருக்கும்.

உங்கள் ஊர் ஒருவகையில் அதிர்ஷ்டம். கோவென்ட்ரி கால்வாயிலேயே வடக்கே போனால் மார்ஸ்டன் சந்திப்பில் ஆஷ்பி கால்வாய் பிரிகிறது. அதில் 22 மைலுக்கு லாக்கே கிடையாது. நாய்கள் படகுக்குப் பழகும் அந்த ஒரு வாரத்துக்கு ஆஷ்பி போதும். அதற்கடுத்த பயணத்தில், துணைக்கு ஒருவரோடு, ரக்பி பக்கம் ஹில்மார்டன் லாக்குகளுக்குப் போங்கள். வின்ட்லஸ் உங்கள் கையிலும் நாய்கள் உள்ளேயும் இருக்கட்டும். துணைக்கு வந்தவர் சும்மா வேடிக்கை பார்க்கட்டும். அப்படியும் சமாளித்துவிட்டால் படகு பார்க்கக் கிளம்பலாம்.