புத்தகக் கடைக்கு முன்னால் நூலகரைப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஏக்கர் தேயிலைதான் எங்களுக்கு வருமானம். பச்சைத் தேயிலை விலை உங்களுக்கே தெரியும். மகள் ஊட்டியில் அரசுக் கல்லூரியில் தாவரவியல் முதலாண்டு படிக்கிறாள். பருவத்துக்குப் பருவம் புத்தகப் பட்டியல் வருகிறது. நூலகங்கள் கைகோத்து இலவசமாகவே புத்தகம் தருகின்றன என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. செய்தியில் அடிபட்ட 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் 13,000 இதழ்கள் வரை கிடைக்கும். ஆனால் அவை ஆய்விதழ்கள். முதலாண்டு மாணவிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. பிறகு ஆராய்ச்சிக்குப் போனால் உதவும்.

அவளுக்கு வேண்டியது 'என்-லிஸ்ட்' என்ற இணையவழி நூல் சேவை. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் கல்லூரிகளுக்காக நடத்துவது. ஏராளமான மின்னூல்கள் உண்டு. கல்லூரி உறுப்பினராக இருந்தால் மாணவிக்கும் தனிக் கணக்கு கிடைக்கும். வீட்டிலிருந்தே போனில் படிக்கலாம். கணக்கைத் திறந்து தருவது கல்லூரி நூலகர்தான். கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை. உறுப்பினர் என்பதே தெரியாமல் மூன்று வருடம் படித்து முடித்துப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

காரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் தேசிய மின்னூலகத்துக்குக் கல்லூரி கூட வேண்டாம். அவளே இலவசமாகப் பதிவு செய்யலாம்.

அச்சுப் புத்தகமே வேண்டுமென்றால், கல்லூரி டெல்நெட் போன்ற நூலகக் கூட்டமைப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். வேறு ஊர் நூலகத்திலிருந்து இரவல் வரவழைக்க வழி உண்டு. தபாலில் மலையேறி வர நாளாகும், தேர்வுக்கு முந்தின வாரம் கேட்டுப் பலனில்லை. ஊட்டியில் 1859-இல் தொடங்கிய நீலகிரி நூலகத்தைச் சொல்வார்கள். அழகான இடம்தான், ஆனால் சந்தா கட்டிப் படிக்கும் பழைய நூலகம். பாடப் புத்தகம் தேடிப் போகும் இடமல்ல.

சரி, எதை வாங்குவது? செய்முறைக் கையேட்டை மட்டும் வாங்குங்கள், அது ஆய்வகத்தில் கையில் இருக்க வேண்டும். மற்றதற்குச் சீனியர்களின் பழைய பதிப்பு போதும்; பாடத்திட்டம் மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம், உங்கள் ஹட்டியில் (சிற்றூரில்) சிக்னல் சரியில்லையென்றால் தேவையான அத்தியாயங்களைக் கல்லூரியிலேயே இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரேயடியாக மொத்த நூலையும் இறக்கினால் கணக்கை முடக்கிவிட வாய்ப்பு உண்டு.