அரபிகள் பாலைவனத்தில் வல்லூறு பறக்கவிடுவதை நேரில் பார்த்ததுண்டா? அவர்களின் விருந்தோம்பல் எப்படி இருக்கும்?

கத்தாரில் வேலை பார்ப்பதால் பார்த்திருக்கிறேன். சுற்றுலா கம்பெனிகள் 'டெசர்ட் சஃபாரி'யில் காட்டுவதை மனதில் வைத்துக் கேட்டிருந்தால், அது வேறு. அங்கே காசைக் கொடுத்து, பறவையைக் கையில் வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

உடன் வேலை செய்யும் கத்தாரி நண்பரின் குடும்பம் குளிர்காலத்தில் தோஹாவுக்குத் தெற்கே சீலைன் பக்கம் கூடாரம் போட்டுவிடும். வெளியே மணலில் குத்திவைத்த கட்டைகள்மேல் வல்லூறுகள், கண்ணை மறைக்கும் தோல் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்வது நண்பரின் பெரியப்பா. அவருக்கு இந்தி வரும். என் இந்திக்கு அது எவ்வளவோ தேவலை.

நான் பார்த்தது வேட்டை அல்ல, பயிற்சி. இவர்களுக்கு வேட்டை என்றாலே ஹுபாராதான், நம் கானமயிலின் சொந்தக்காரப் பறவை. அது அருகிவிட்டதால் ஏகப்பட்ட கட்டுப்பாடு. அதனால் இறகுக் கொத்தைக் கயிற்றில் கட்டிச் சுழற்றி வல்லூறை வரவழைக்கிறார்கள். அந்தக் கொத்துக்கு தல்வா என்று பெயர்.

பெரியப்பா முதலில் செய்தது, பறவையைத் தராசில் நிறுத்தி எடை பார்த்தது. எடை கூடினால் பசி இருக்காது, கூப்பிட்டாலும் வராது. குறைந்தால் பறக்கத் தெம்பிருக்காது. "பாசத்தில் திரும்பி வருகிறது என்று நினைக்காதே, தம்பி" என்று சிரித்தார். தொப்பியின் வாரை ஒரு பக்கம் பல்லாலும் மறுபக்கம் விரலாலும் இழுத்துக் கழற்றினார். பறவை நாலாபக்கமும் பார்த்தது, உடம்பைச் சிலிர்த்து இறகை உதறியது, எச்சம் போட்டது. அப்புறம்தான் கிளம்பியது. கிளம்பியது தல்வா பக்கம் திரும்பவே இல்லை. கூடாரத்தில் பேச்செல்லாம் நின்றுபோய், ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு லேண்ட் குரூஸரில் ஓடினார்கள். பறவையின் உடம்பில் சின்ன டிரான்ஸ்மிட்டர் இருப்பதால் ஒரு மணல்மேட்டுக்குப் பின்னால் கிடைத்தது. ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் விலை, பதறாமல் எப்படி?

இவற்றுக்கு நடக்கும் உபசாரம் தனி. தோஹாவின் சூக் வாகிஃப் சந்தையில் வல்லூறுகளுக்கென்றே ஆஸ்பத்திரி உண்டு. ஒடிந்த இறகுக்குப் பதில், முன்பு உதிர்ந்த இறகைச் செருகி ஒட்டிவிடுவார்கள். வெளிநாடு போக பாஸ்போர்ட்டும் உண்டு. திருட்டுத்தனமாகப் பிடித்து விற்பதைத் தடுக்க அமீரகம் 2002-லேயே அதைத் தொடங்கிவிட்டது. 2010-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்தக் கலையைச் சேர்த்தது.

விருந்துக்கு வருகிறேன். முதலில் பேரீச்சம்பழமும் ஏலக்காய் போட்ட வெளிர்நிறக் காபியும். சர்க்கரையும் கிடையாது, பாலும் கிடையாது. பிடியில்லாத சின்னக் கோப்பையில் கால்வாசிதான் ஊற்றுவார்கள். நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தமாம். கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுத்தால்தான் போதும் என்று பொருள், சும்மா நீட்டினால் திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள். சாப்பாடு மச்பூஸ். ஒரே பெரிய தாம்பாளத்தில் சோறும் ஆட்டுக்கறியும், சுற்றி உட்கார்ந்து வலது கையால் சாப்பிட வேண்டும். நல்ல கறித்துண்டாகப் பார்த்து பெரியப்பா என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். வந்தவரிடம் மூன்று நாளைக்கு எதற்கு வந்தாய் என்றே கேட்கக்கூடாது என்பது பாலைவன நாடோடி அரபிகளான பெதூயின்களின் வழக்கம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம்மூரிலும் கணக்கு உண்டு, ஆனால் நாம் அதைச் சொல்வது விருந்தாளியைக் கிளப்புவதற்கு!

கத்தாரி நண்பர்கள் இல்லையென்றால், நவம்பர் முதல் மார்ச்சுக்குள் ஒரு மாலை சூக் வாகிஃபில் உள்ள வல்லூறுக் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். எதுவும் வாங்காவிட்டாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. போட்டோ எடுக்கும்முன் மட்டும் கேட்டுவிடுங்கள்.