'கண்டுபிடி'க்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல்?

கேள்வி: 'கண்டுபிடித்தார்' என்று வரும் இடத்திலெல்லாம் 'டிஸ்கவர்ட்' என்று எழுதினேன். ஆசிரியர் சில இடங்களில் 'இன்வென்டட்' என்றும், சில இடங்களில் வெறும் 'ஃபவுண்ட்' என்றும் திருத்தியிருக்கிறார். எதை எங்கே போடுவது?

பதில்: தொலைந்த சாவியைக் கண்டுபிடிக்கிறோம். பொய் சொன்னது யார் என்று கண்டுபிடிக்கிறோம். புதிய கோளைக் கண்டுபிடிக்கிறோம். புதிய இயந்திரத்தையும் கண்டுபிடிக்கிறோம். தமிழில் ஒரே வினை இந்த நான்கு வேலையையும் பார்த்துவிடுகிறது. ஆங்கிலத்தில் முறையே ஃபைண்ட், ஃபைண்ட் அவுட், டிஸ்கவர், இன்வென்ட்.

டிஸ்கவரா இன்வென்ட்டா என்று தயக்கம் வந்தால் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: அந்த ஆள் வருவதற்கு முன்பே அது உலகத்தில் இருந்ததா? இருந்திருந்தால் டிஸ்கவர். இல்லாததை உருவாக்கியிருந்தால் இன்வென்ட். தொலைநோக்கி மனிதர் செய்த பொருள். 1608-இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் லிப்பர்ஷே அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆகவே தொலைநோக்கிக்கு இன்வென்ட். 1610-இல் கலிலியோ அதே வகைக் கருவியால் வியாழனின் நான்கு நிலவுகளைப் பார்த்தார். நிலவுகள் அதற்கு முன்பும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆகவே அவற்றுக்கு டிஸ்கவர். எக்ஸ் கதிரும் இப்படியே: 1895-இல் ரான்ட்கன் கண்டது கதிரை, அது டிஸ்கவர், படமெடுக்கும் இயந்திரத்தைச் செய்தது இன்வென்ட்.

பலரும் சறுக்குவது பெனிசிலினில். மருந்துதானே, யாரோ தயாரித்திருப்பார்கள் என்று நினைத்து 'இன்வென்டட்' என்று எழுதிவிடுகிறார்கள். அதைச் சுரந்தது ஒரு பூஞ்சை. 1928-இல் ஃபிளெமிங் அதைக் கவனித்தார். எனவே 'ஃபிளெமிங் டிஸ்கவர்ட் பெனிசிலின்' என்பதே சரி.

ஃபைண்ட் அவுட் என்பதைப் பொருளுக்குப் போடாதீர்கள். 'ஐ ஃபவுண்ட் அவுட் மை கீ' தவறு, 'ஐ ஃபவுண்ட் மை கீ' சரி. தகவல் தெரியவந்தால் மட்டுமே 'அவுட்' சேரும். அதன் பின்னால் பெரும்பாலும் ஹூ, வென், வை, தட் போன்ற சொல்லோ, ட்ரூத், ஆன்சர் போன்ற பெயரோ நிற்கும். 'ஐ ஃபவுண்ட் அவுட் ஹூ டுக் இட்' என்றால் எடுத்தது யார் என்று தெரிந்துகொண்டேன் என்று பொருள்.

கேள்வி: 'ஃபவுண்டட்' என்று ஒரு சொல்லைப் பார்த்தேன். ஃபைண்டின் இறந்தகாலம் 'ஃபவுண்ட்' தானே? அச்சுப் பிழையா?

பதில்: பிழை இல்லை, அது வேறு வினை. ஃபைண்ட், ஃபவுண்ட், ஃபவுண்ட் என்பது கண்டெடுப்பது. ஃபவுண்ட், ஃபவுண்டட், ஃபவுண்டட் என்பது ஓர் அமைப்பையோ ஊரையோ நிறுவுவது. 'தி ராயல் ஜியாக்ரஃபிக்கல் சொசைட்டி வாஸ் ஃபவுண்டட் இன் 1830' என்றால் அந்தச் சங்கம் 1830-இல் நிறுவப்பட்டது என்று பொருள். அந்த 'எட்' விழுந்துவிட்டால், யாரோ அதை எங்கோ கண்டெடுத்ததாக வாக்கியம் மாறிவிடும்.

கேள்வி: 'சர்ச்', 'சர்ச் ஃபார்', 'லுக் ஃபார்' மூன்றும் ஒன்றுதானா?

பதில்: சர்ச் ஃபாரும் லுக் ஃபாரும் ஏறக்குறைய ஒன்று, பேச்சில் லுக் ஃபார் அதிகம். ஃபார் இல்லாத சர்ச்தான் ஆபத்து. 'தே சர்ச்ட் தி ரூம்' என்றால் அறையைச் சோதனை போட்டார்கள். 'தே சர்ச்ட் ஃபார் தி ரூம்' என்றால் அறை எங்கே என்று தேடினார்கள். ஆளிடம் வந்தால் வேறுபாடு இன்னும் பெரியது. 'தே சர்ச்ட் ஹிம்' என்றால் அவருடைய சட்டைப்பையெல்லாம் துழாவிப் பார்த்தார்கள். காணாமல் போனவரைத் தேடியதைச் சொல்ல 'ஃபார்' கட்டாயம்.

தேடுவது முயற்சி, கிடைப்பது முடிவு என்பதையும் மறக்காதீர்கள். 'ஐ ஆம் ஃபைண்டிங் மை பென்' என்று பலர் சொல்வது தவறு. தேடிக்கொண்டிருக்கும்போது 'லுக்கிங் ஃபார்', கையில் கிடைத்ததும் 'ஃபவுண்ட்'. தேடாமலே தற்செயலாகக் கண்ணில் பட்டால் 'கேம் அக்ராஸ்'.

கேள்வி: 'எக்ஸ்ப்ளோர் அபௌட்' என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். 'காட்டைப் பற்றி ஆராய்ந்தார்' என்ற நம் வழக்கு அந்த 'அபௌட்'டை இழுத்து வந்துவிடுகிறது. டிஸ்கஸுக்கும் இதே நோய். 'தே எக்ஸ்ப்ளோர்ட் தி ஃபாரஸ்ட்' போதும். இடத்துக்கு மட்டும் என்றில்லை; யோசனையையும் வாய்ப்பையும்கூட எக்ஸ்ப்ளோர் செய்யலாம். ஓர் இடத்தில் மட்டும் 'ஃபார்' வரும்: 'எக்ஸ்ப்ளோர் ஃபார் ஆயில்', அதாவது எண்ணெய் கிடைக்குமா என்று நிலத்தையோ கடலையோ துருவுவது. பெயர்ச்சொல்லாக்கினால் 'ஆஃப்' வேண்டும்: 'தி எக்ஸ்ப்ளொரேஷன் ஆஃப் ஸ்பேஸ்'.

உச்சரிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. எக்ஸ்ப்ளோரில் அழுத்தம் 'ப்ளோர்' மேல். எக்ஸ்ப்ளொரேஷனில் அது நகர்ந்து 'ரே' மேல் விழும். ஒவ்வோர் அசையையும் ஒரே அழுத்தத்தில் சொன்னால் கேட்பவருக்குச் சொல் பிடிபடாது.

கேள்வி: ட்ராவல், ட்ரிப், ஜர்னி, வாயேஜ், எக்ஸ்பெடிஷன் எல்லாவற்றுக்கும் என் அகராதி 'பயணம்' என்றே பொருள் தருகிறது. வேறுபாடு சொல்லுங்கள்.

பதில்: ட்ராவலை வினையாகவே பழகுங்கள். பெயராக வந்தால் அது எண்ண முடியாத சொல். 'ஐ ஹேட் எ ட்ராவல்' என்று வாக்கியமே கிடையாது. அந்த இடத்துக்கு உரியது ட்ரிப்: போய்த் தங்கித் திரும்புவது முழுவதும் அதில் அடங்கும். ஜர்னி என்பது வழி. 'ஹவ் வாஸ் யுவர் ஜர்னி?' என்று கேட்டால் வண்டி, நெரிசல், தூக்கம் பற்றிச் சொல்லுங்கள். 'ஹவ் வாஸ் யுவர் ட்ரிப்?' என்று கேட்டால் போன இடத்தில் என்ன பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாயேஜ் நீண்ட கடற்பயணம் அல்லது விண்பயணம். எழுத்தைப் பார்த்து 'வாயேஜ்' என்கிறோம், சரியான ஒலி 'வாயிஜ்'. மெகல்லனின் வாயிஜ் நல்ல எடுத்துக்காட்டு. 1519-இல் ஐந்து கப்பல்கள் ஸ்பெயினிலிருந்து புறப்பட்டன. மெகல்லன் 1521-இல் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டார். 1522-இல் உலகைச் சுற்றி ஊர் திரும்பியது விக்டோரியா என்ற ஒரே கப்பல். இப்படிக் கப்பல் கிளம்புவதற்கு 'செட் செயில்' என்பார்கள். நடுவில் 'தி' வராது. இறந்தகாலத்திலும் 'செட்' தான், 'செட்டட்' என்று ஒன்று இல்லை.

எக்ஸ்பெடிஷனுக்கு நோக்கம், குழு, தளவாடம் மூன்றும் வேண்டும். 1911 டிசம்பர் 14-இல் ஆமுன்ட்சனின் எக்ஸ்பெடிஷன் தென் துருவத்தை அடைந்தது. ஸ்காட்டின் எக்ஸ்பெடிஷன் 1912 ஜனவரி 17-இல் அங்கே சேர்ந்தது. இதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ரீச்ட் டு தி சவுத் போல்' என்று எழுதிவிடாதீர்கள். ரீச்சுக்கு 'டு' ஆகாது. அதே பொருள் தரும் 'அரைவ்' என்ற வினைக்கு மட்டும் 'அட்' அல்லது 'இன்' வேண்டும். ட்ரிப், ஜர்னி, எக்ஸ்பெடிஷன் மூன்றுக்கும் 'கோ ஆன்' பொருந்தும்.

கேள்வி: 'கொலம்பஸ் டிஸ்கவர்ட் அமெரிக்கா' என்று எழுதினால் தவறா?

பதில்: இலக்கணத்தில் தவறில்லை, பொருளில் இடிக்கிறது. 1492 அக்டோபர் 12-இல் அவர் பஹாமாஸ் தீவொன்றில் இறங்கியபோது அங்கே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டிலேயே வட ஐரோப்பாவின் நார்ஸ் கடலோடிகள் இன்றைய கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் தங்கிய தடயமும் உண்டு. 'யாருக்குமே தெரியாததை முதலில் காண்பது' என்ற எடை டிஸ்கவரில் இருப்பதால், 'ரீச்ட் தி அமெரிக்காஸ்' என்றோ 'லேண்டட் இன் தி பஹாமாஸ்' என்றோ எழுதுவதே நேர்மையானது. நியூஃபவுண்ட்லாந்து என்ற பெயருக்குள்ளும் மேலே சொன்ன 'ஃபவுண்ட்' ஒளிந்திருக்கிறது: புதிதாய்க் கண்ட நிலம்.

கேள்வி: விண்கலங்களின் பெயர்களை வைத்துச் சொல் கற்கலாம் என்கிறார்களே?

பதில்: கற்கலாம், நல்ல வழி. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர், வாயிஜ் போகிறவர். வேற்றுக் கோளின் தரையில் ஓடும் ஊர்தியான ரோவர் என்பது 'ரோவ்', அதாவது அலைந்து திரிதல் என்ற வினையிலிருந்து வந்தது. 2012-இல் செவ்வாயில் இறங்கிய க்யூரியாசிட்டி, அறியும் ஆவல். 'க்யூரியஸ்' என்ற பண்புச்சொல்லின் கடைசி 'எஸ்'ஸுக்கு முன் உள்ள 'யு' பெயர்ச்சொல்லில் காணாமல் போகும். எழுத்துப் பிழை அங்கேதான் நேர்கிறது. 2021-இல் இறங்கிய பெர்சிவரன்ஸ், விடாமுயற்சி.

கேள்வி: படிக்கும்போது புரிகிற சொல், பேசும்போது நாக்கில் வருவதில்லை. என்ன செய்வது?

பதில்: 'டிஸ்கவர் - கண்டுபிடி' என்று இரண்டே சொல்லாக எழுதிவைக்கும் பழக்கத்தை விடுங்கள். பழைய குழப்பத்தைத்தான் அது நோட்டில் ஏற்றுகிறது. பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதலில் சொல், அடுத்து அதன் பின்னால் என்ன வரும் அல்லது வராது, மூன்றாவதாக அன்றைய நாளில் உண்மையில் நடந்ததைப் பற்றி உங்கள் வாக்கியம். நாளுக்கு ஐந்து சொல் போதும். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள் சொல்லை மூடிக்கொண்டு வாக்கியத்தின் தமிழ்க் கருத்தை மட்டும் நினைத்து ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். திறந்து வாசிப்பது சொல்லை அடையாளம் காணத்தான் பழக்கும். மூடிக்கொண்டு சொல்வதுதான் அதை நாக்குக்குக் கொண்டுவரும். பதினைந்தாம் நாள் தடுக்கிய சொல்லை மறுநாள் ஐந்தில் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: 'மேக் எ ரிசர்ச்' சரியா?

பதில்: இல்லை. ரிசர்ச் எண்ண முடியாதது. 'டூ ரிசர்ச்' என்று சொல்லுங்கள், 'எ' வேண்டாம். மேக் சேருவது டிஸ்கவரியோடு: 'ஷி மேட் அன் இம்பார்ட்டன்ட் டிஸ்கவரி'.