குழாயில் எத்தனை மணி நேரம் தண்ணீர்?

கேள்வி: பன்னாட்டு நிறுவனங்கள் வருகின்றன, கண்ணாடிக் கட்டடங்கள் எழுகின்றன. இது வளர்ச்சி இல்லையென்றால், வளரும் நாட்டு நகரங்களுக்கு வேறெதுதான் வளர்ச்சி?

பதில்: கடைக்கோடி வீட்டுக் குழாயிலும் 24 மணி நேரமும் தண்ணீர் வருவது. அதைச் செய்யாமல் மாடிமேல் மாடி எழுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியாவின் ஜகார்த்தா இருக்கிறது. குழாய் போய்ச் சேராத இடங்களில் வீடு, ஹோட்டல், ஆலை எல்லாம் ஆழ்துளைக் கிணற்றை நம்பின. களிமண் அடுக்கிலிருந்து நீரை உறிஞ்சினால் மண் அமுங்கும். அப்புறம் எவ்வளவு மழை பெய்தாலும் பழைய மட்டத்துக்கு எழும்பாது. 1970-களிலிருந்து வட ஜகார்த்தாவின் சில பகுதிகள் 4 மீட்டர் வரை தாழ்ந்துவிட்டன. 2022-இல் தலைநகரை ஜகார்த்தாவிலிருந்து போர்னியோ தீவுக்கு மாற்றச் சட்டம் போட்டார்கள். சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. கடலோரத்து ஏழைகள் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

குழாய் போட்டால் மட்டும் போதாது. நேரம் வைத்துத் திறந்து மூடும் குழாயில், தண்ணீர் நின்றதும் அழுத்தம் இறங்கி, விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே புகும். இணைப்பிலேயே மோட்டாரை மாட்டி இழுத்தால் அது இன்னும் கூடும். தெருக்கோடி வீட்டுக்குக் காற்றுதான் வரும்.

போரில் சிதைந்த கம்போடியத் தலைநகர் நோம்பென்னில் 1993-இல் இதைவிட மோசம். விட்ட தண்ணீரில் 72 சதவீதம் கசிவிலும் திருட்டிலும் போனது. நாளுக்குப் 10 மணி நேரம்தான் சப்ளை. அந்த ஆண்டு குடிநீர் வாரியத்துக்குத் தலைமையேற்ற எக் சோன் சான் வீடுவீடாக இணைப்புகளைக் கணக்கெடுத்து, மீட்டர் பொருத்தி, கட்டணம் கட்டாதவர் அதிகாரியானாலும் இணைப்பைத் துண்டித்தார். கசிவைப் பிடிக்கும் வழி ஒன்றும் ரகசியமல்ல: நகரத்தை வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுழைவுக் குழாயிலும் ஒரு மீட்டர் வையுங்கள். ஊரே தூங்கும் அதிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவே அது வேகமாக ஓடினால், தண்ணீர் மண்ணுக்குள் போகிறது என்று அர்த்தம். அந்த வட்டத்தைத் தோண்டுங்கள்.

ஜப்பான், பிரான்ஸ், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி என வெளிப்பணமும் அங்கே வந்தது. உலகமயத்தை நான் குறை சொல்லவில்லை. வந்த பணம் பூமிக்கடியில் இறங்கியதா என்றுதான் கேட்கிறேன். நோம்பென்னில் இறங்கியது. பதினைந்து ஆண்டுகளுக்குள் இழப்பு 6 சதவீதமளவுக்குக் குறைந்தது, நாள் முழுக்கத் தண்ணீர் வந்தது. ஏழை வீடுகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் 30 முதல் 100 சதவீதம் வரை சலுகை, மிச்சத்துக்குத் தவணை. அதுவரை தண்ணீர் விற்பவரிடம், குழாய் வைத்திருந்தவரைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான்.