வேகம் கூடியும் சுற்றும் நேரம் ஏன் மாறவில்லை?

கேள்வி: காந்தப்புலத்துக்குச் செங்குத்தாக நுழையும் எலக்ட்ரானின் வேகத்தை இரண்டு மடங்காக்கிக் கணக்குப் போட்டேன். ஒரு சுற்றுக்கான நேரம் பழையபடியே வருகிறது. வளையும் திசையும் புத்தக விடைக்கு நேர்மாறாக இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: திசையில்தான் தப்பு. இடக்கை விதியில் (விசையின் திசையை விரல்களால் கண்டுபிடிக்கும் வழி) ஆள்காட்டி விரல் காந்தப்புலத்தையும் கட்டைவிரல் விசையையும் காட்டும்; நடுவிரல் காட்டுவது மின்னோட்டத்தை, அதாவது நேர்மின் துகள் போகும் திசையை. எலக்ட்ரானுக்கு எதிர்மின்னூட்டம் என்பதால், அது ஓடும் திசைக்கு எதிராக நடுவிரலை நீட்டுங்கள். விடை சரியாக வந்துவிடும்.

நேரக் கணக்கில் தப்பே இல்லை. காந்த விசை எப்போதும் துகளின் திசைவேகத்துக்குச் செங்குத்தாகவே இருக்கும். கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லை நினைத்துப் பாருங்கள். சீராகச் சுற்றும்போது கயிறு கல்லை உள்நோக்கி இழுக்கிறதே தவிர, முன்னால் தள்ளுவதில்லை. காந்தப்புலமும் அப்படித்தான்: துகளைத் திருப்பும், வேகத்தைக் கூட்டாது, குறைக்காது. மாறாத காந்தப்புலம் துகளை வேகப்படுத்துகிறது என்று நோட்டில் எங்காவது எழுதியிருந்தால் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

சரி, எண்களைப் போட்டுப் பார்ப்போம். நிறையை வேகத்தால் பெருக்கி, மின்னூட்டம், காந்தப்புலம் இரண்டின் பெருக்கலால் வகுத்தால் வட்டத்தின் ஆரம் கிடைக்கும். 1 மில்லி டெஸ்லா புலத்தில், விநாடிக்கு 1 கோடி மீட்டர் வேகத்தில் ஓடும் எலக்ட்ரானுக்கு ஆரம் சுமார் 5.7 செ.மீ. வேகத்தை 2 கோடி மீட்டர் ஆக்கினால் ஆரம் 11.4 செ.மீ. ஓட வேண்டிய தூரமும் இரட்டிப்பு, வேகமும் இரட்டிப்பு. அதனால்தான் இரண்டு கணக்கிலும் ஒரு சுற்றுக்குச் சுமார் 36 நானோ விநாடி.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்க இயற்பியலாளர் எர்னெஸ்ட் லாரன்ஸ், துகள்களைச் சுற்றவிட்டு வேகப்படுத்தும் கருவியான சைக்ளோட்ரானை உருவாக்கியது இந்த மாறாத நேரத்தை நம்பித்தான். துகள் பெரிய வட்டத்துக்குப் போனாலும் அரைச்சுற்றை அதே நேரத்தில் முடித்து, கருவியின் இரண்டு அரைவட்டப் பெட்டிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்கு வந்துவிடும். ஆகவே ஒரே தாளத்தில் மாறும் மின்புலமே ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளிவிடப் போதும். ஆற்றலைக் கொடுப்பது அந்த மின்புலம், காந்தம் அல்ல. ஒளியின் வேகத்தை நெருங்கும்போது மட்டும் சுற்றும் நேரம் கூடி, இந்தத் தாளம் தவறும்.

அப்புறம், அடுத்த கணக்கில் துகள் சாய்வாக நுழைகிறதா என்று முதலில் பாருங்கள். சாய்வாக நுழைந்தால், அதன் வேகத்தில் புலத்துக்குச் செங்குத்தான பகுதி மட்டும்தான் துகளைச் சுற்ற வைக்கும். இணையான பகுதி அப்படியே முன்னேற, பாதை ஸ்பிரிங் போலச் சுருளாகும். ஆரத்துக்கு முழு வேகத்தைப் போடாமல், அந்தச் செங்குத்துப் பகுதியை மட்டும் போடுங்கள்.