தேயிலைத் தோட்டக் குடும்பங்கள் ரேடியோ கேட்கும் நேரத்தை எப்படி அளப்பது?

"நேற்று எவ்வளவு நேரம் கேட்டீங்க?" என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) போய்க் கேட்டால் "நாள் முழுக்க" என்பார்கள். அது பெட்டி ஓடிய நேரம், ஆள் கேட்ட நேரமில்லை. இரண்டையும் கலந்தால் கணக்கே பாழ்.

ஒரு கொப்பியில் காலை 5 முதல் இரவு 10 வரை 15 நிமிடக் கட்டங்கள் போடுங்கள்: மொத்தம் 68. ஆளுக்கொரு நிரல். அந்தக் கட்டத்தில் 5 நிமிடமாவது கேட்டிருந்தால் புள்ளடி (X) போடுங்கள். தொடர்ந்து 7 நாள். இடையில் போயா (பௌர்ணமி விடுமுறை) வந்தால் அந்த நாளைத் தனியாகக் குறியுங்கள், வேலைநாளோடு சேராது.

ஒரு நாளில் பாட்டி 3 மணிநேரம், அம்மா 1½, அப்பா 1, பிள்ளை ½ என்றால் கூட்டுத்தொகை 6 மணிநேரம். நான்கு பேருக்குச் சராசரி 90 நிமிடம். மற்றவர்கள் பாட்டியோடு சேர்ந்தே கேட்டிருந்தால், பெட்டியோ 3 மணிநேரம்தான் ஓடியிருக்கும்.

பெரிய தொல்லை, கடைசி நாளில் மொத்தமாக நிரப்புவது. ஒரே பேனா, ஏழு நாளும் ஒரே வரிசைப் புள்ளடி என்றால் சந்தேகப்படுங்கள். இரண்டாம் நாளே ஒரு தடவை போய்ப் பாருங்கள். நேரம் நினைவில்லாதவரிடம் மணி கேட்காமல், "பெரட்டுக்குப் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம்) போக முந்தியா, பின்னேரம் கொழுந்து நிறுத்த (எடை போட்ட) பிறகா?" என்று கேட்டால் சரியாகச் சொல்வார்.

லயத்துச் சுவர் வழியாக வரும் பக்கத்து வீட்டு ரேடியோவின் சூரியன், சக்தி அலைவரிசைகளும் காதில் விழத்தான் செய்யும். அதற்குப் புள்ளடி வேண்டாம், 'ப' என்று எழுதுங்கள். போனில் இயர்போன் போட்டுக் கேட்பதற்கு 'போ'; இளசுகளின் நேரம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.