ஸ்ட்ரீமிங் சந்தா எல்லாம் நிறுத்தியாச்சு: கேளுங்கள், சொல்கிறேன்

ஸ்ட்ரீமிங் சேவைகளை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு சர்வர் (டிவிக்கும் போனுக்கும் கோப்புகளை அனுப்பும் கணினி) வைத்துப் படமும் பாட்டும் ஓட்டுகிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. தனித்தனியாக எழுதி மாளவில்லை. எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் போட்டுவிடுகிறேன்.

கேள்வி: சந்தாவை ஏற்றிக்கொண்டே போகிறார்கள் என்றுதானே விட்டீர்கள்? எவ்வளவு மிச்சமாகிறது?

மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை, ஹார்ட் டிஸ்க் வாங்கியதிலேயே சரியாகிவிட்டது. பணம்தான் காரணம் என்றால் இவ்வளவு சிரமமே வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு சேவை மட்டும் வைத்துக்கொண்டு, பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்ததும் ரத்து செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். என் பிரச்சினை வேறு. எதைப் பார்ப்பது என்று நானாக முடிவு செய்வதே நின்றுபோயிருந்தது. திறந்தால் பரிந்துரை, ஒரு பகுதி முடிவதற்குள் அடுத்தது தானாக ஓடும், போன வாரம் என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. பிடித்த பழைய படம் ஒன்றைத் தேடினால் மட்டும் உரிமம் முடிந்து அது எடுக்கப்பட்டிருக்கும்.

கேள்வி: சந்தா சரி, ஆனால் நான் "வாங்கு" பொத்தானை அழுத்திக் காசு கொடுத்து வாங்கிய படங்கள் என்னுடையவைதானே?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் வாங்கியது பார்ப்பதற்கான ஓர் அனுமதி, அதை விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். 2009-ல் அமேசான், விற்பனை உரிமை இல்லாத ஒருவர் மூலம் விற்கப்பட்டவை என்று ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல்களை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள், ஆனால் அப்படி அழிக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் பலருக்கும் தெரிந்தது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையையே மூடியபோது வாங்கியிருந்த நூல்கள் எல்லாம் திறக்காமல் போயின, அங்கேயும் பணம் திரும்பி வந்தது, புத்தகம் வரவில்லை. 2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷனில் வாங்கப்பட்ட டிஸ்கவரி நிகழ்ச்சிகளை நீக்கப்போவதாக அறிவித்தது. பிறகு உரிம ஒப்பந்தம் மாறியதால் அந்த முடிவைக் கைவிட்டார்கள், ஆனால் வாங்கியவர்களிடம் எந்தக் கட்டத்திலும் யாரும் கேட்கவில்லை. கலிஃபோர்னியாவில் இதற்கென்றே ஒரு சட்டம் 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது: கொடுப்பது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று போடக்கூடாது. நிரந்தரமாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய பொருளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நானும் அதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். இணையத்தைத் துண்டித்த பிறகும், கணக்கில் நுழையாமலும் அது ஓடுமா? ஓடினால் என்னுடையது.

கேள்வி: அண்ணே, என்ன கணினி வைத்திருக்கிறீர்கள்? என்னிடம் பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது, அது போதுமா?

தாராளமாகப் போதும். நான் வைத்திருப்பதும் ஓரமாகக் கிடந்த ஒரு லேப்டாப்தான், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டு வெளி ஹார்ட் டிஸ்க் இணைத்திருக்கிறேன். புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள், பாதிப் பேர் இங்கேதான் காசை விடுகிறார்கள். கோப்பு எந்த வடிவில் இருக்கிறதோ அதை உங்கள் டிவியோ போனோ அப்படியே ஓட்டத் தெரிந்தால் சர்வருக்கு வேலையே கிடையாது, கோப்பை எடுத்து அனுப்பினால் போதும். ஓட்டத் தெரியாவிட்டால்தான் போகிற போக்கில் வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும், டிரான்ஸ்கோடிங் என்பது இதுதான், பழைய கணினி மூச்சு வாங்குவதும் இதில்தான். இன்டெல் சிப்களில் 2011-லிருந்தே குவிக் சிங்க் என்று இதற்கான தனிப் பகுதி வருகிறது, ஆனால் 10-பிட் ஹெச்இவிசி (வீடியோவைச் சுருக்கும் ஒரு வடிவம்) கோப்புகள் இருந்தால் ஏழாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் பற்றியும் கேட்பீர்கள். சும்மா இருக்கும்போது லேப்டாப் 10 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டு முழுக்க ஓடினாலும் சுமார் 88 யூனிட். அப்புறம் முக்கியமாக, எப்போதும் சார்ஜரில் இருக்கும் லேப்டாப்பின் பேட்டரி உப்பக்கூடும். சார்ஜ் அளவை 80 சதவீதத்துக்குள் நிறுத்தும் வசதி இருந்தால் போடுங்கள், ஏற்கனவே உப்பியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: ராஸ்ப்பெரி பை?

அந்தக் கையடக்கச் சின்னக் கணினி பாட்டுக்கு அருமை. படத்தை அப்படியே அனுப்புவதற்கும் சரி. டிரான்ஸ்கோடிங் தேவைப்பட்டால் வேண்டாம், பை 5-ல் வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றி எழுதும் (என்கோடு) வன்பொருளே கிடையாது.

கேள்வி: பிளெக்ஸா, ஜெல்லிஃபினா?

ஜெல்லிஃபின். இரண்டுமே சர்வரில் உள்ள படங்களை டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் மென்பொருள்கள். எம்பி (Emby) என்ற அதே வகை மென்பொருள் தன் மூல நிரலை மூடியதும் 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் ஜெல்லிஃபின், முழுக்கச் சுதந்திர மென்பொருள். பிளெக்ஸ் பார்க்க அழகாக இருக்கும், டிவி ஆப்களும் அதில்தான் நன்றாக இருக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2025-ல் வெளியிலிருந்து சொந்த சர்வரில் உள்ள படத்தைப் பார்ப்பதையே கட்டண வசதியாக்கிவிட்டார்கள். சந்தாவிலிருந்து தப்பிக்க வந்து இன்னொரு சந்தாவிலா போய் விழுவது?

கேள்வி: நேராகவே கேட்கிறேன், படம் எல்லாம் எங்கிருந்து வருகிறது? டொரன்ட்தானே?

இல்லை. டொரன்ட்தான் உங்கள் பதில் என்றால் என்னிடம் கேட்க ஒன்றுமில்லை. பழைய டிவிடி, புளூரேக்களைத்தான் வாங்குகிறேன், எல்லாரும் தூக்கிப்போடும் காலம் என்பதால் இரண்டாம் கையில் நிறையக் கிடைக்கின்றன. பதிப்புரிமைக் காலம் முடிந்த படங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இருக்கின்றன. வட்டிலிருந்து கோப்பாக மாற்றுவதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு: சொந்த வட்டாக இருந்தாலும், நகலெடுக்காமலிருக்க அதில் போட்டிருக்கும் மென்பொருள் பூட்டை உடைப்பது சில நாடுகளில் சட்டவிரோதம், அமெரிக்காவின் 1998-ம் ஆண்டு டிஎம்சிஏ சட்டம் அப்படிப்பட்டது. உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டை உடைக்க மனமில்லை என்றால் பிளேயரில் வட்டைப் போட்டுப் பாருங்கள், அதில் என்ன குறைச்சல்? தரமும் வட்டில்தான் கூடுதல். 4கே ஸ்ட்ரீமிங்குக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் வேகம் 15 எம்பிபிஎஸ், 4கே புளூரேயில் அது 100-ஐத் தாண்டவும் செய்யும்.

கேள்வி: எவ்வளவு இடம் வேண்டும்?

இரட்டை அடுக்கு டிவிடி ஒன்று 8.5 ஜிபி. சுருக்காமல் அப்படியே வைத்தாலும் 4 டிபி டிஸ்க்கில் 450-க்கு மேல் அடங்கும். புளூரே என்றால் 50 ஜிபி வரை போகும், 80 படத்தோடு டிஸ்க் நிரம்பிவிடும்.

கேள்வி: ரெய்டு போட்டிருக்கிறேன், எனவே பேக்கப் தேவையில்லை, சரிதானே சார்?

சரியில்லை. ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு போகாமல் வைக்கும் முறை. அது ஸ்டெப்னி மாதிரி, ஒரு டயர் போனால் வண்டி நிற்காமல் போகும், வண்டியே திருடு போனால் ஸ்டெப்னியும் சேர்ந்துதான் போகும். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெய்டு அதை எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக அழித்து வைக்கும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில், இதுதான் விதி. எனக்கு வட்டுகள் அலமாரியில் இருப்பதால் படங்களுக்கு அவ்வளவு பாடுபடுவதில்லை, சொந்தப் புகைப்படங்களுக்குக் கட்டாயம்.

கேள்வி: பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?

படத்தைவிட இது சுலபம், விட நினைப்பவர்கள் இங்கிருந்தே ஆரம்பிக்கலாம். சிடியை ஃபிளாக் (ஒலியை இழப்பில்லாமல் சுருக்கும் வடிவம்) கோப்பாக எடுங்கள், தரம் துளியும் குறையாது, அளவு பாதிக்குச் சற்று மேலே நிற்கும். பூட்டில்லாத கோப்பாக விற்கும் பேண்ட்கேம்ப் போன்ற இடங்களில் வாங்குங்கள். மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்டு என்ற மென்பொருளை வைத்துப் பெயர், ஆண்டு எல்லாம் ஒழுங்குபடுத்திவிட்டு, பாட்டுக்கான சர்வர் மென்பொருளான நேவிட்ரோமில் போட்டால் போனிலும் கேட்கலாம். இழப்பு ஒன்று உண்டு, மறைக்க விரும்பவில்லை: புதுப் பாடகர்கள் தானாகக் கண்ணில் படமாட்டார்கள். வானொலி, நண்பர்கள், பாட்டைப் பற்றி எழுதுபவர்கள் என்று நாமாகத் தேடித்தான் போக வேண்டும்.

கேள்வி: வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டேன். ஆபத்தா?

ஆபத்துதான், திறந்த போர்ட் வழியாக இணையத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வரின் கதவைத் தட்டலாம். இதைப் படித்து முடிப்பதற்குள் மூடுங்கள். வயர்கார்டு என்ற விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய வழி) வையுங்கள், 2020-லிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அமைக்கத் தெரியாவிட்டால், அதையே சுலபமாக்கித் தரும் டெயில்ஸ்கேல்.

கேள்வி: ஸ்மார்ட் டிவியையும் இணையத்திலிருந்து துண்டித்துவிட்டதாகச் சொன்னீர்கள். கொஞ்சம் அதிகமில்லையா?

2017-ல் விஸியோ நிறுவனம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட டிவிகளில் மக்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதைச் சம்மதமில்லாமல் சேகரித்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது, அபராதம் கட்டித்தான் முடித்தார்கள். திரையில் ஓடுவதை டிவியே அடையாளம் காணும் தொழில்நுட்பம் அது, எச்டிஎம்ஐ வழியாக டிவிடி ஓட்டினாலும் பிடிக்கும். எனவே எனக்கு டிவி வெறும் திரை, ஒரு சின்னப் பெட்டிதான் அதற்குப் படம் கொடுக்கிறது.

கேள்வி: வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் வீட்டில் எப்படி?

யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. என் பெயரில் இருந்தவற்றை மட்டும் நிறுத்தினேன், வேண்டியவர்கள் அவரவர் சந்தா வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன், நீங்கள் அமைக்கும் சர்வர் ரிமோட்டில் இரண்டு அழுத்தலில் ஓடவில்லை என்றால் உங்களைத் தவிர யாரும் தொடமாட்டார்கள். அதைப் பக்காவாகச் செய்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

கேள்வி: எல்லாரும் புதுத் தொடரைப் பற்றிப் பேசும்போது?

கேட்டுக்கொண்டிருப்பேன். நன்றாக இருக்கிறது என்றால் பட்டியலில் எழுதி வைப்பேன். பட்டியல் என்றால் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து அதில் பாதியைப் பார்க்கவே தோன்றாது.

கேள்வி: ஜெல்லிஃபினில் தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, கொம்பு கால் எல்லாம் இடம் மாறி வருகிறது. என்ன செய்ய?

இரண்டும் வேறு வேறு பிரச்சினை. கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை, நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவை சர்வரில் ஒரு ஃபோல்டரில் வைத்து, அமைப்புகளில் மாற்று எழுத்துரு என்ற இடத்தில் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். எழுத்தே புரியாத குறிகளாக வந்தால் சப்டைட்டில் கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் சேமியுங்கள். கொம்பும் காலும் இடம் மாறினால் அது டிவிக்குள் இருக்கும் பிளேயரின் கோளாறு, அதில் நீங்கள் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை, எம்பிவி (mpv) என்ற பிளேயர் ஓடும் ஏதாவது ஒரு கணினியை டிவியில் இணைத்துப் பாருங்கள்.